உண்டியலும் கஜானாவும்

ஆண்டுக்கு ஒன்றரை டாலர்! அமெரிக்கக் குடிமகன் ஒருவனின் தலைக்கு, ஓர் ஆண்டு முழுமைக்கும், ஒன்றரை டாலருக்குச் சற்று மேல். அவ்வளவுதான் அந்த நாட்டு மத்திய அரசு பொதுத் தொலைக்காட்சிக்கும் பொது வானொலிக்கும் சேர்த்துத் தந்து வந்த தொகை. நியூயார்க் நகரத்துக் கடையிலே ஒரு கோப்பைக் காப்பிக்குக்கூடக் காணாத காசு. அந்தக் காசைத்தான் 'ஊதாரிச் செலவு' என்றார்கள். அந்தக் காசைத்தான் வெட்டினார்கள்.

2025 ஜூலை 17-ஆம் நாள் செனட் சபையிலே 51-க்கு 48. மறுநாள் பிரதிநிதிகள் சபையிலே 216-க்கு 213. மயிரிழைப் பெரும்பான்மை! ஜூலை 24-ஆம் நாள் ஜனாதிபதி டிரம்ப் கையொப்பமிட்டார். இரண்டாண்டுகளுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்த 110 கோடி டாலர் ஒரே வீச்சில் திரும்பப் பெறப்பட்டது. நாடெங்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்களுக்கு அந்தப் பணத்தைப் பங்கிட்டுத் தந்து வந்த பொது ஒலிபரப்புக் கழகம், ஒரே வாரத்தில் கடையைக் கட்டப் போவதாக அறிவித்தது. 2026 ஜனவரியில் அதன் ஆட்சிக் குழு கூடி, கழகத்தையே கலைத்து விடத் தீர்மானித்தது. 1967-இல் பிறந்த அமைப்பு மறைந்தது.

வெட்டியவர்கள் சொன்ன காரணம் என்ன? இரண்டு. ஒன்று, 'இவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறார்கள்' என்பது. மற்றொன்று, 'நிலையம் வேண்டுமென்பவர்கள் தாங்களே பணம் போட்டு நடத்திக் கொள்ளட்டுமே' என்பது. முதற் காரணம் ஆளுவோர் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் பாடும் பல்லவி. இரண்டாவது காரணம் கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். நம்மவர்களிலேயே நல்லவர்கள் சிலர் தலையை ஆட்டுவார்கள். ஆகவே அதைத்தான் தோழர்களே, தோலுரித்துப் பார்க்க வேண்டும்.

'தாங்களே பணம் போடட்டும்' என்கிறார்களே, மக்கள் போடவில்லையா? போட்டார்கள்! சர்க்காரின் காசு ஒரு செப்புக்காசுகூட வராத காலத்திலேயே போட்டார்கள்.

அந்த வரலாறு இப்படி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலே தொலைக்காட்சி காட்டுத்தீ போலப் பரவிற்று. வானத்து அலைவரிசைகளை அள்ளிக் கொள்ள வணிகச் சீமான்கள் வரிசையில் நின்றார்கள். அலைவரிசையைப் பங்கிட்டுத் தரும் அதிகாரம் படைத்த ஆணையத்திலே அப்போது ஒரே ஒரு பெண்மணி இருந்தார். ஃபிரீடா ஹென்னாக் என்பது அவர் பெயர். சிறுமியாகக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறி வந்தவர்; வழக்கறிஞர்; 1948-இல் அந்த ஆணையத்தில் அமர்ந்த முதற் பெண். 'வானம் வணிகனுக்கு மட்டும் பட்டா எழுதித் தரப்பட்ட நிலமா? கல்விக்கு ஒரு பங்கு வேண்டாமா?' என்பதே அவருடைய வாதம். ஓயாமல் போராடினார். 1952-இல் 242 அலைவரிசைகள் கல்விக்கென்று ஒதுக்கப்பட்டன. 1953 மே மாதம் டெக்சாஸ் மாநிலம் ஹியூஸ்டன் நகரிலே பல்கலைக் கழகம் ஒன்று முதல் கல்வித் தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கிற்று.

இடம் கிடைத்தது, பணம்? அதைத் தந்தது யார்?

பிட்ஸ்பர்க் நகரைப் பாருங்கள். இரும்பும் எஃகும் உருகி ஓடிய ஊர், உலைக் கூடத்துப் புகை பகலையும் இரவாக்கிய ஊர், உழைப்பாளியின் ஊர். அங்கே பல்கலைக் கழகம் பொறுப்பேற்காமல், ஊராரே சேர்ந்து ஒரு நிலையம் நடத்துவதென்று முடிவு செய்தார்கள். அறக்கட்டளைகளும் செல்வர்களும் தந்தது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், வீட்டுக்கு 2 டாலர் தாருங்கள் என்று ஊராரைக் கேட்டார்கள். தந்தார்கள்! 1954 ஏப்ரல் முதல் நாள் டபிள்யூ.கியூ.ஈ.டி. நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. ஊர் மக்களே நிறுத்தி நடத்திய முதல் கல்வித் தொலைக்காட்சி நிலையம் என்ற பெயர் அதற்கு.

அதே ஆண்டு, அதே மாதம், மேற்குக் கோடியில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் கே.கியூ.ஈ.டி. நிலையம் பிறந்தது. ஓராண்டுக்குள் பணப்பெட்டி காலி. பூட்டுப் போட்டு விடலாமா என்று ஆட்சிக் குழு யோசித்தது. ஊழியர்கள் விடவில்லை. 1955-இல் தொலைக்காட்சியிலேயே ஏலம் நடத்தினார்கள்! ஊரார் தந்த பொருள்களைத் திரையில் காட்டினார்கள். பார்த்தவர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்டார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்! நிலையம் பிழைத்தது. அந்த வழியைப் பிற நிலையங்களும் பற்றிக் கொண்டன. ஏலம், சந்தா, ஆண்டுக்குச் சில வாரம் நிகழ்ச்சியை இடையில் நிறுத்தி நிதி கேட்பது, தொலைபேசி மேசையில் வரிசையாய் உட்கார்ந்து நன்கொடையைக் குறித்துக் கொள்ளும் தொண்டர் கூட்டம், தந்தவர்க்கு ஒரு காப்பிக் கோப்பையோ துணிப்பையோ நினைவுப் பொருளாக அனுப்புவது என்று பழக்கம் வேரூன்றிற்று. உண்டியல் குலுக்கித் தெருத் தெருவாய் நடந்த நம் தோழர்களுக்கு இந்தக் கதை அந்நியமல்ல. தகரத்திலே விழும் காசின் ஓசையை அறிந்தவன், அந்தத் தொலைபேசி மணியின் அருமையையும் அறிவான்.

இத்தனை பாடும் எதற்கு? வணிகத் தொலைக்காட்சிதான் இருந்ததே, காசு கேளாமல் படம் காட்டிற்றே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். விளம்பர வியாபாரியின் கடையிலே விற்கப்படும் சரக்கு எது? நிகழ்ச்சி என்று நினைப்போம். இல்லை; பார்க்கிறவனே சரக்கு! இத்தனை லட்சம் கண்களை இன்ன நேரத்திற்குத் தருகிறேன் என்று சோப்புக் கம்பெனியிடமும் மோட்டார் கம்பெனியிடமும் விலை பேசுகிறான் நிலையத்துக்காரன். வாங்க வக்கற்றவனின் கண்ணுக்கு அந்தச் சந்தையிலே விலை கிடையாது. ஏழைக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் நிகழ்ச்சியால் யாருக்கு என்ன லாபம்? ஆகவே அது பிறக்காது. பிறந்தாலும் பிழைக்காது.

ஆனால் ஊர் தோறும் உண்டியலை மட்டும் நம்பி நாடு முழுவதற்கும் நிகழ்ச்சி செய்ய முடியுமா? முடியவில்லை. நிலையங்கள் மெலிந்து கிடந்தன. கார்னகி நிறுவனம் அமைத்த குழு ஒன்று 1967-இல் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையிலே ஒரு பொன்னான யோசனை இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீது சிறு வரி ஒன்று விதியுங்கள். அந்த வரிப் பணம் நேரே ஒரு தனி நிதிக்குப் போகட்டும். ஆண்டு தோறும் ஆளுவோரின் வாசலில் பொது நிலையங்கள் கை கட்டி நிற்க வேண்டியிராது என்பதே அந்த யோசனை. 1967 நவம்பர் 7-ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன் பொது ஒலிபரப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். கழகம் பிறந்தது. ஆனால் அந்த வரி? அதை மட்டும் விட்டு விட்டார்கள்! பிள்ளையைப் பெற்றார்கள், பால் வார்க்கும் கிண்ணத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக் கொண்டார்கள். 2025-இல் நடந்த கொடுமைக்கு வித்து அன்றே ஊன்றப்பட்டது.

இரண்டாண்டு கழியவில்லை. நிக்சன் ஆட்சிக்கு வந்தார். 2 கோடி டாலரைப் பாதியாக வெட்டப் பார்த்தார். 1969 மே முதல் நாள் செனட் துணைக் குழுவின் முன் ஒரு மனிதர் சாட்சி சொல்ல வந்து அமர்ந்தார். பெயர் பிரெட் ராஜர்ஸ். 2 டாலர் தந்து பிட்ஸ்பர்க் மக்கள் எழுப்பினார்களே ஒரு நிலையம், அங்கே தொடக்க நாள் முதல் உழைத்தவர். குழந்தைகளுக்கான அவருடைய நிகழ்ச்சி 1968 முதல் நாடு முழுதும் ஒளிபரப்பாகி வந்தது. அவர் முழங்கவில்லை, மேசையைத் தட்டவில்லை. ஆறு நிமிடம்போல மெல்லிய குரலிலே பேசினார். குழந்தையின் மனத்திலே மூளும் கோபத்தையும் அச்சத்தையும் அடக்கியாளக் கற்றுத் தருவதும் நாட்டுத் தொண்டே என்று விளக்கினார். குழுவின் தலைவர் பாஸ்டோர் கண்டிப்புக்குப் பேர் போனவர். தம் மெய் சிலிர்த்ததாக ஒப்புக் கொண்டார் அவர். 2 கோடி டாலரையும் நீர் சம்பாதித்து விட்டீர் என்ற கருத்துப்படச் சொல்லி முடித்தார். மக்கள் காசில் வளர்ந்த ஒருவர் சர்க்காரின் பணத்தை மக்களுக்காக மீட்டுத் தந்தார்!

அந்தப் பணம் என்ன செய்தது? 1969 நவம்பர் 10-ஆம் நாள் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கிற்று. ஏறத்தாழ 80 லட்சம் டாலர் செலவு. அதில் பாதியளவு அரசுப் பணம். பள்ளிக்கு முன்பே படிப்பிக்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித் தந்தது அந்த நிகழ்ச்சி. பொம்மைகள் நடுவே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் ஒன்றாய் வாழ்ந்தார்கள். பொறுக்குமா சிலருக்கு? 1970-இல் மிசிசிப்பி மாநிலத்துக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் அந்த நிகழ்ச்சிக்குத் தடை போட்டது. கறுப்பும் வெள்ளையும் கலந்து பழகுவதைக் காண இந்த மாநிலம் இன்னும் பக்குவப்படவில்லையாம்! செய்தி மே மாதம் வெளியே கசிந்தது. நாடு சிரித்தது, மாநிலத்திலேயே எதிர்ப்புக் கிளம்பிற்று. 22 நாளில் தடை தவிடு பொடியாயிற்று. பார்க்கிறவர்கள் பேசினால் ஆணையம் பணியும் என்பதற்கு இது சான்று.

நிக்சன் சும்மா இருக்கவில்லை. 1972 ஜூன் 30-ஆம் நாள் பொது ஒலிபரப்புக்கான நிதி மசோதாவைத் தம் மறுப்பதிகாரத்தால் வீழ்த்தினார். செய்தியும் விமர்சனமும் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்தது வாட்டர்கேட்! செனட் விசாரணையை, பகலில் நடந்ததை நடந்தபடியே, இரவிலே முழுமையாக மீண்டும் காட்டின பொதுத் தொலைக்காட்சி நிலையங்கள். பகலெல்லாம் வேலை செய்து வீடு திரும்பியவன், தன் நாட்டு ஆட்சியின் வண்டவாளத்தைத் தன் கண்ணாலேயே கண்டான். கடிதங்கள் குவிந்தன, கடிதத்தோடு காசும் வந்தது. கழுத்தை நெரிக்கப் பார்த்தவரின் கதையைக் காட்டியே கழுத்து நிமிர்ந்தது. 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவியிலிருந்து இறங்கினார்.

இப்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சர்க்கார் கை சுருங்கும்போது யார் கை நீளுகிறது? 1971-இல் மொபில் எண்ணெய்க் கம்பெனி 'மாஸ்டர்பீஸ் தியேட்டர்' என்ற நாடக வரிசைக்குப் பணம் தந்தது. வேறு எண்ணெய்க் கம்பெனிகளும் வந்தன. நல்ல நாடகங்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பி.பி.எஸ். என்ற எழுத்துகளுக்கு 'பெட்ரோலிய ஒலிபரப்புச் சேவை' என்று ஊரார் விரிவு சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு எச்சரிக்கை இருந்தது. 1980 மே மாதம், சவூதி அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டதைப் பற்றிய 'ஓர் இளவரசியின் மரணம்' என்ற படம் ஒளிபரப்பாக இருந்தது. சவூதி அரசு சீறிற்று. மொபில் கம்பெனி பத்திரிகையிலே விளம்பரம் போட்டு எதிர்த்தது. பி.பி.எஸ். பணியாமல் படத்தை ஒளிபரப்பிற்று, பாராட்டுவோம். ஆனால் நாட்டின் முதல் கல்வித் தொலைக்காட்சி நிலையமான ஹியூஸ்டன் நிலையம், எண்ணெய் நகரத்து நிலையம், படத்தைக் காட்ட மறுத்தது! நேயர் ஒருவர் நீதிமன்றம் ஏறினார். 1982-இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் என்ன சொல்லிற்று தெரியுமா? எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது நிலையத்தாரின் முடிவு. இதைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் உரிமை பார்க்கிறவருக்கு இல்லை என்று சொல்லி விட்டது.

ஆகவே தோழர்களே, 'ஆதரவாளர்' என்ற பட்டத்தை மட்டும் வைத்துக் கொண்டு ஒன்றும் ஆவதில்லை. காசு தந்தவன் கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டும். மிசிசிப்பியில் குரல் வென்றது. ஹியூஸ்டனில் வழக்கு தோற்றது. இரண்டும் பாடம்.

இனி, 'தாங்களே பணம் போட்டுக் கொள்ளட்டும்' என்ற வாதத்துக்கு வருவோம். பொதுத் தொலைக்காட்சியின் வருவாயிலே மத்திய அரசின் பங்கு சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து போலத்தான் இருந்தது. மீதியில் பெரும்பங்கு நேயர்கள் தருவது, அறக்கட்டளைகள் தருவது, மாநிலங்களும் பல்கலைக் கழகங்களும் தருவது. 'பதினைந்துதானே, போனால் போகட்டும்' என்பவர்கள், சராசரி என்ற சொல்லுக்குள் ஒளிந்து கொள்கிறார்கள். ஆற்றின் ஆழம் சராசரி மூன்றடி என்று நம்பி இறங்கியவன் நடுவிலே மூழ்கிப் போவான்!

சான் பிரான்சிஸ்கோவிலும் பாஸ்டனிலும் சீமான்கள் உண்டு, நடுத்தர வர்க்கத்தார் லட்சக் கணக்கில் உண்டு, உண்டியல் நிறையும். அப்படிப்பட்ட கே.கியூ.ஈ.டி. நிலையமே 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்குக் குறைத்தது. அலாஸ்கா மாநிலத்துப் பெத்தல் என்ற ஊரைப் பாருங்கள். கஸ்கோக்விம் ஆற்றங்கரை. வெளியூரிலிருந்து வரச் சாலை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், அல்லது ஆற்றின் வழி வர வேண்டும். சுற்றிலும் யூபிக் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்வோர். 1971-இலிருந்து அங்கே ஒரு பொது நிலையம் உண்டு. ஆங்கிலத்தோடு யூபிக் மொழியிலும் செய்தி சொல்லும் நிலையம். அதன் வருவாயிலே பெரும்பகுதி கழகத்திலிருந்து வந்தது. அந்த ஊரிலே ஏலம் போட்டால் எடுப்பது யார்? உண்டியல் நீட்டினால் எத்தனை டாலர் விழும்? வானத்தில் அலை இருக்கிறது. தாய்மொழியில் பேச ஆள் இருக்கிறது. கேட்க மக்கள் இருக்கிறார்கள். காசு மட்டும் இல்லை. சந்தையின் கண்ணுக்கு அவர்கள் இல்லாதவர்கள்.

செனட்டில் இந்த வாதம் நடந்து கொண்டிருந்த நேரத்திலேயே, 2025 ஜூலை 16-ஆம் நாள், அலாஸ்காக் கடலோரத்தில் 7.3 அளவில் நில நடுக்கம் ஏற்பட்டது. சுனாமி எச்சரிக்கை பிறந்தது. அந்த எச்சரிக்கையை மக்களிடம் சேர்த்ததில் பொது ஒலிபரப்பு நிலையங்களுக்கும் பங்குண்டு என்று அந்த மாநிலத்துச் செனட்டர் முர்கௌஸ்கி சுட்டிக் காட்டினார். ஆளும் கட்சியைச் சேர்ந்த அம்மையார். இருந்தும் வெட்டுக்கு எதிராகவே வாக்களித்தார். இயற்கையே வந்து சாட்சி சொன்ன பிறகும், 51 கைகள் இறங்கவில்லை.

வெட்டு விழுந்ததும் அறக்கட்டளைகள் சில ஒன்று கூடின. 2025 ஆகஸ்டில் ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் டாலர் தருவதாக உறுதி கூறின. தந்தவர்க்கு நன்றி. ஆனால் பறிபோனது 110 கோடி. வந்தது முப்பதில் ஒரு பங்கு! வெள்ளத்துக்குக் கை கொண்டு அணை கட்டுவது அது.

இந்தக் கதை முழுவதையும் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். உண்டியல் ஒரு வேலையைச் செய்யும். கஜானா வேறொரு வேலையைச் செய்யும். மக்கள் தந்த 2 டாலர், நிலையத்துக்கு முதுகெலும்பு தந்தது. நிக்சன் மிரட்டியபோது அது நிமிர்ந்து நின்றதற்கு அந்த முதுகெலும்பே காரணம். கஜானாவின் ஒன்றரை டாலர், நிலையத்தின் ஒளியைப் பணமில்லாதவன் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. உண்டியல் மட்டும் இருந்தால் வசதி படைத்த நகரத்து நிலையம் வாழும், பெத்தல் இருளும். கஜானா மட்டும் இருந்தால் ஆளுவோரின் ஊதுகுழலாகி விடும். 'நீயே போட்டுக் கொள்' என்பவன், ஏழையின் பங்கை எடுத்துப் பையிலே போட்டுக் கொண்டு, கொடைக் குணத்தைப் பற்றி உபதேசம் செய்கிறவன். வரி கட்டியதும் அதே மக்கள்தாமே? தன் பணத்தைத் தனக்குச் செலவிடு என்று கேட்பது பிச்சையா?

அமெரிக்க நிலையங்களின் ஆதரவாளர்கள் கோரிக்கையை இப்போது மாற்றியாக வேண்டும். பறித்ததைத் திருப்பித் தா என்று மட்டும் கேட்டால் போதாது. திருப்பித் தந்தவன் மறுபடி பறிப்பான். 1975-இல் இரண்டாண்டுப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கும் ஏற்பாட்டைச் செய்து வேலி போட்டார்கள். அந்த வேலியையும் 2025-இல் தாண்டி விட்டார்கள். ஆகவே 1967-இல் கைவிட்ட அந்தப் பழைய யோசனையைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். ஆளுவோரின் கோபத்துக்கும் மகிழ்ச்சிக்கும் அப்பாற்பட்ட தனி வரி, தனி நிதி! எளிதல்ல. ஆனால் 2 டாலர் தந்து ஒரு நிலையத்தை எழுப்பலாம் என்றபோது, அதையும் எளிது என்று யாரும் சொல்லவில்லை.

உண்டியல் ஏந்தும் தோழர் எவரையும் கேட்டுப் பாருங்கள். காசு போடுகிறவன் தகரப் பெட்டியின் துளையை மட்டும் பார்ப்பதில்லை. ஏந்தியவன் முகத்தையும் பார்க்கிறான். கொடுத்த கை, கணக்கும் கேட்கும். அந்தக் கேள்வியைக் கஜானாவின் வாசலிலும் போய்க் கேட்க மக்கள் துணிகிற நாளில்தான், பெத்தலின் பிள்ளைக்கும் பாஸ்டனின் பிள்ளைக்கும் ஒரே வெளிச்சம் கிடைக்கும்.